மதிப்பெழுத்து: மாணவருக்கு எதற்குத் தரம்?

அமெரிக்காவில் படிக்கப் போகிறவர்களுக்காக மொழிபெயர்த்த கையேடு ஒன்று கைக்கு வந்தது. ‘முதுகலை மாணவர்கள் பி தரத்துக்குக் கீழே போகக் கூடாது’ என்கிறது. தேர்வு முடிவை எழுத்தால் சொல்லும் ஆங்கில ‘கிரேடு’தான் அதில் ‘தரம்’ ஆகியிருக்கிறது. மாணவரா, மண்டியில் கொட்டிய வெங்காயமா?

கிரேடு என்பதன் வேர் லத்தீனின் ‘கிராதுஸ்’. படி, காலடி என்று பொருள். பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போனது. அமெரிக்காவின் மவுன்ட் ஹோலியோக் கல்லூரி 1897இல் விழுக்காட்டுக்கு எழுத்து வைத்தது; 95 எடுத்தால் ஏ. வேர்க்கதை அவ்வளவுதான்.

தரம் என்பது பண்டத்துக்குள்ளேயே இருக்கும் குணம். தரமான அரிசி காலையிலும் தரமான அரிசி, மாலையிலும் தரமான அரிசி. கிரேடு அப்படியா? அங்கே ஏ-க்கு 4, பி-க்கு 3, சி-க்கு 2, டி-க்கு 1, எஃப்-க்கு 0. ஒவ்வொரு பாடத்தின் புள்ளியையும் அதன் கிரெடிட்டால், அதாவது பாடத்தின் எடையால், பெருக்கிக் கூட்டி, மொத்த கிரெடிட்டால் வகுத்தால் வரும் சராசரிதான் ஜிபிஏ (கிரேடு பாயின்ட் ஆவரேஜ்). பொதுவாக இளங்கலைப் பட்டத்துக்கு 2.0 போதும், முதுகலைக்கு 3.0 வேண்டும். இளங்கலையில் சி வாங்கியவர் நிம்மதியாகத் தூங்கலாம். முதுகலையில் அதே சி வந்தால் தூக்கம் போச்சு. பல துறைகள் அந்தப் பாடத்தைப் பட்டக் கணக்கிலேயே சேர்க்காது. எழுத்து ஒன்று, மதிப்பு இரண்டு. இது எப்படித் தரமாகும்?

போதாததற்குத் தரத்துக்கு ஏற்கெனவே தலைக்கு மேல் வேலை. ஏலக்காரர் ‘ஒரு தரம், ரெண்டு தரம்’ என்று கூவுகிறார். அரியர் வைத்த பையன் ஒரே தாளை மூன்று தரம் எழுதுகிறான். இலங்கையில் தரம் 5 என்றால் ஐந்தாம் வகுப்பு. யாழ்ப்பாணத்தில் ‘மகன் எந்தத் தரம்?’ என்று கேட்டால் வகுப்பைத்தான் சொல்வார்கள். தேர்வு முடிவுக்கு அவர்களிடம் திறமைச் சித்தி, சாதாரண சித்தி என்று தெளிவான சொற்கள் உண்டு. நம்மவர்தான் அகராதியில் முதலில் கண்ணில் பட்டதைப் பிடுங்கி ஒட்டுகிறார்கள்.

கல்லூரிகளை மதிப்பிடும் அமைப்பான நாக்கின் பேரைச் சொல்லி, கல்லூரி வாசலில் ‘நாக் ஏ++ தரம்’ என்று பலகை வைத்தால் நான் சண்டைக்குப் போக மாட்டேன். அங்கே அளப்பது நிறுவனத்தின் தரத்தையே.

வேருக்கு நேராகப் ‘படி’ என்கிறார்கள் சிலர். வாதம் சரி, வழக்குக்கு உதவாது. ‘பி படி’ என்றால் பையன் புத்தகத்தைத் தேடுவான்.

மதிப்பு, எண் இரண்டும் சேர்ந்து மதிப்பெண் ஆனபோது யாரும் தடுமாறவில்லை. எண்ணுக்குப் பதில் எழுத்து வந்தால் மதிப்பெழுத்து. அதற்குரிய புள்ளி மதிப்புப்புள்ளி. யுஜிசியின் (பல்கலைக்கழக மானியக் குழு) பத்துப்புள்ளி முறையில் ஓ என்ற மதிப்பெழுத்துக்கு மதிப்புப்புள்ளி 10, ஏ+ என்றால் 9. சொல் நீளம் என்று முகம் சுளிப்பவர்கள் ஜிபிஏவுக்கு வைத்த ‘தரப்புள்ளிச் சராசரி’யை மட்டும் எப்படி விழுங்கினார்களோ!

அந்தக் கையேட்டு வரிக்கு இதுகூடத் தேவையில்லை. ‘முதுகலை மாணவரின் சராசரி 3.0-க்குக் குறையக் கூடாது’ என்று எழுதியிருந்தால் நான் வாயைத் திறந்திருக்கவே மாட்டேன்.