கிராக்: வெடிப்பா, விரிசலா?

பொறியியல் தமிழில் ‘கிராக்’குக்கு (crack) எந்தச் சொல்? ‘கிராக்’ ஆங்கிலத்தில் முதலில் ஓசையின் பெயர். பழைய ஆங்கிலத்தில் ‘சடக்கென ஒலி எழுப்பு’ என்பதே அதன் பொருள். அந்த ஒலியோடு உண்டாகும் பிளவுக்கும் அதே பெயர் பிறகு ஒட்டிக்கொண்டது. தமிழில் இதே வழியில் வந்தது ‘வெடிப்பு’. கோடையில் கரிசல் வெடிக்கும், பருத்திக்காய் வெடிக்கும், குதிகால் வெடிக்கும். நெல்லைச் சீமையில் சுவரும் ‘வெடிச்சிருக்கு’தான். பிறப்பை வைத்துப் பார்த்தால் முதலிடம் இதற்கே. ஆனால் அச்சில் ‘பாலத்தில் வெடிப்பு’ என்று வந்தால் வாசகர் குண்டைத்தான் நினைப்பார். எனவே பொறியியலுக்கு ‘விரிசல்’.

விரிசல், ‘விரி’யின் பிள்ளை, இரு முகங்கள் விலகுவதைச் சொல்கிறது. முகங்கள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கும் வகைக்கு இது அரைகுறைப் பொருத்தம்தான். கண்ணாடி, சுட்ட மண், கருங்கல் ஆகியவை பெரும்பாலும் இழுபட்டுத் திறந்தே உடைவதால் பாதகமில்லை. கீறல் தொடக்கம், பிளவு முடிவு, நடுவில் வளர்வது விரிசல். காருகுறிச்சிப் பானையைச் சுண்டினால் நல்லது ‘ணங்’கென்று நீளும்; விரிசல் விட்டது ‘டப்’பென்று அடங்கும். விரிசலின் முகங்கள் உரசி அதிர்வைத் தின்றுவிடுகின்றன.

‘பிரிட்டில்’ (brittle) என்பதை ‘நொறுங்கும்’ என்று எழுதுவது மிகை. நொறுங்கினால் பல துண்டாக வேண்டும். காய்ந்த கருப்பட்டி வளையாமல் நீளாமல் இரண்டாகவும் உடையும். ‘முறிதன்மை’ போதும். இது வலிமைக்குறைவு அல்ல.

விரிசல் எப்படி வளரும் என்று கணினியில் கணக்கிட்டுப் பார்ப்பதற்கு அடித்தளம், கண்ணாடியை ஆராய்ந்த ஆங்கிலப் பொறியாளர் கிரிஃபித்தின் 1921 கட்டுரை: புதிய பரப்பை உண்டாக்கத் தேவையான ஆற்றல் கிடைத்தால் விரிசல் நகரும். 1998இல் ஃபிராங்ஃபோர்ட், மாரிகோ என்ற ஆய்வாளர்கள் இதை மொத்த ஆற்றலைக் குறைக்கும் கணக்காக்கினார்கள். கூரிய கோட்டைத் துரத்துவதற்குப் பதில் அதை மெல்லிய பட்டையாகப் பரப்பி, முழுமைக்கு 0, முறிவுக்கு 1 என மதிப்பிடுவதே ‘ஃபேஸ் ஃபீல்டு’ (phase field). ‘கட்டப் புலம்’ என்று சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் ஒன்றும் விளங்காது; ‘சேதப் புலம்’ என்றால் உடனே புரியும்.

கணக்கீட்டுச் செலவு வலையில்தான், அதாவது பொருளைச் சிறு கண்களாகப் பிரிப்பதில்தான், இருக்கிறது. பட்டையின் அகலத்தைத் தீர்மானிக்கும் நீள அளவு 1 மி.மீ. என்றால் வலைக்கண் அதில் பாதிக்கு மேல் போகக்கூடாது. 100 மி.மீ. சதுரத் தகட்டுக்கு 40,000 கண்கள். அதே அளவு கனசதுரத்துக்கு 80 லட்சம்! விரிசல் போகும் 10 மி.மீ. அகலப் பகுதியில் மட்டும் கண்களை நெருக்கினால் தகட்டுக்கு 4,000ஐச் சற்றுத் தாண்டும், அவ்வளவுதான். பாதை முன்கூட்டித் தெரியாதபோது, சேத மதிப்பு ஏறும் இடத்தில் மட்டும் வலையைப் பிரித்துக்கொண்டே போகலாம். பாதியளவு கண்ணிலும் வழக்கமான இருபடி மாதிரி (சேத மதிப்பின் வர்க்கத்தை வைத்துக் கணக்கிடுவது) முறிவாற்றலை, அதாவது புதிய பரப்பை உண்டாக்கத் தேவையான ஆற்றலை, சுமார் 25 சதம் கூட்டிக் காட்டும்; உள்ளிடும் மதிப்பை அதற்கேற்பக் குறைக்க வேண்டும்.

தீர்க்கும் முறை எளிது: சேதத்தை மாறாமல் வைத்து இடப்பெயர்ச்சியை (பொருளின் புள்ளிகள் நகரும் அளவை) கணக்கிடுவது, பிறகு இடப்பெயர்ச்சியை மாறாமல் வைத்துச் சேதத்தை, மாற்றம் அற்பமாகும் வரை மாறி மாறி. சுமையைப் படிப்படியாக ஏற்றும்போது, விரிசல் பாயும் படியில் நூற்றுக்கணக்கான சுற்றுகள் ஆகலாம். ஒரே சுற்றோடு நிறுத்தினால் விரிசல் பின்தங்கும், தாங்கும் சுமை பொய்யாக உயரும். இழுவிசை ஆற்றலைத் தனியே பிரிக்காவிட்டால் அழுத்தத்திலும் விரிசல் வளரும். சேதம் குறையக்கூடாது என்ற கட்டுப்பாட்டை மறந்தால், சுமையை இறக்கியதும் விரிசல் புண்போல ஆறிவிடும்.