தீனி எடுத்த மீனுக்கு ஏன் மூச்சு வாங்குகிறது?

வயிறு நிறையத் தீனி எடுத்த மீன் அசையாமல் நின்றாலும், அதன் ஆக்சிஜன் தேவை சில மணி நேரத்தில் இரண்டு மடங்குவரை ஏறும். செரிமானச் செலவு இதில் கொஞ்சம்தான். பெரும்பங்கு, குடலிலிருந்து வரும் அமினோ அமிலங்களைக் கோத்துப் புதுப் புரதம் கட்டுவதற்கே போகிறது.

எரிபொருளிலும் புரதத்துக்குப் பெரிய பங்கு உண்டு. அமினோ அமிலத்தைச் சேமித்துவைக்க உடலில் இடமில்லை. தசைக்குப் போக மிஞ்சியதில் பெரும்பகுதி எரிந்தாக வேண்டும். அப்போது கழலும் நைட்ரஜனை நம் உடல் ஆற்றலைச் செலவிட்டு யூரியாவாக்குகிறது. மீனோ அம்மோனியாவாகவே செவுள் வழியே தண்ணீரில் விட்டுவிடும்.

மாவுச்சத்தில்தான் சிக்கல். நீலகிரி ஓடைகளில் விடப்பட்ட ரெயின்போ ட்ரவுட்டுக்கு ரத்தத்தில் சர்க்கரை ஏறினால் மணிக்கணக்கில் இறங்காது. மாவுச்சத்து தின்ற பிறகும் அதன் கல்லீரல் புதிதாகச் சர்க்கரை தயாரிப்பதை நிறுத்துவதில்லை. ரோகு, கட்லா போன்ற கெண்டைகள் பரவாயில்லை. தவிடு கலந்த தீனியிலும் வளரும்.

எது எரிகிறது என்று அறிய, மீனை மூடிய தொட்டியில் விட்டுத் தண்ணீரில் குறையும் ஆக்சிஜனையும் வெளிவரும் அம்மோனியாவையும் அளப்பார்கள். புரதம் மட்டுமே எரிந்தால், ஒரு மூலக்கூறு ஆக்சிஜனுக்கு 0.27 நைட்ரஜன் அணு என்ற விகிதத்தில் வெளிவரும். 0.10 வந்தால் புரதத்தின் பங்கு சுமார் 37 சதவீதம். மீதி கொழுப்பா சர்க்கரையா என்பதைக் கரியமில வாயு சொல்லும்: ஆக்சிஜனோடு அதன் விகிதம் சர்க்கரைக்கு 1, கொழுப்புக்கு 0.7. கரியமில வாயு கரைந்து மாறும் வடிவமான பைகார்பனேட் தண்ணீரில் ஏற்கெனவே நிறைய இருப்பதால் இந்த அளவு எளிதில் பிசகும். கழிவை அப்புறப்படுத்தாவிட்டால் பாக்டீரியா விடும் அம்மோனியாவும் மீன் கணக்கில் ஏறிவிடும்.

குளத்தில் 30 சதவீதப் புரதமுள்ள தீவனம் ஒரு கிலோ போட்டால் அம்மோனியா வடிவில் ஏறத்தாழ 28 கிராம் நைட்ரஜன் சேரும். 30 டிகிரி வெப்பத்தில், பிஎச் (தண்ணீரின் அமில-கார அளவு) 7-ல் அதில் நஞ்சான வடிவம் 1 சதவீதத்துக்கும் குறைவு. பிஎச் 9-ல் 40 சதவீதத்தைத் தாண்டும். பாசி மண்டிய குளத்தில் வெயில் ஏற ஏற பிஎச்சும் ஏறும்.

தீவனத்தில் எண்ணெய் கூட்டினால் எரியும் புரதம் குறையும். அளவு மீறினால் கொழுப்பு வயிற்றிலும் கல்லீரலிலும் படியும். அதைவிட அவசரமானது தீனி நேரம். மாலையில் அள்ளிப் போட்டால், பாசியும் ஆக்சிஜனை உறிஞ்சும் இரவில் மீனின் தேவையும் உச்சத்துக்குப் போய், விடியலில் மீன்கள் மேலே வந்து வாய் பிளக்கும். வெயில் வந்து ஆக்சிஜன் ஏறிய பிறகு தீனி போடுவதே சரி. மூட்டமான நாளில் அளவைக் குறைக்க வேண்டும்.