வேட்கை வேறு, இன்பம் வேறு

வயிறு நிறைந்த பிறகும் கை தட்டுக்குப் போகிறது. எதுவும் பிடிக்காமலே அரைமணி நேரம் கைபேசித் திரையைத் தள்ளிக்கொண்டிருக்கிறோம். மன உறுதி போதவில்லை என்று இதற்குக் காரணம் சொல்வதுதான் வழக்கம். ஆனால் ஒன்றை நாடிப் போக வைக்கும் ஏற்பாடும், அது கிடைத்ததும் சுவைக்க வைக்கும் ஏற்பாடும் மூளையில் தனித்தனியானவை. பெரும்பாலும் சேர்ந்தே இயங்குவதால் இரண்டையும் ஒன்றென்று நினைத்துக்கொள்கிறோம்.

இந்தக் குழப்பம் ஆய்வாளர்களுக்கும் இருந்தது. 1954-இல் கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் ஓல்ட்ஸும் பீட்டர் மில்னரும் எலிகளின் மூளைக்குள் மெல்லிய மின்கம்பியைச் செருகினார்கள். நெம்புகோலை அழுத்தினால் அங்கே சிறு மின்துடிப்பு பாயும். கம்பி சரியான இடத்தில் அமைந்த எலிகள் மணிக்கு நூற்றுக்கணக்கான முறை அழுத்தின. அந்த இடம் ‘இன்ப மையம்’ ஆயிற்று. பிறகு அந்தப் பாதையில், நரம்பணுக்கள் செய்தி கடத்தப் பயன்படுத்தும் டோபமைன் என்ற வேதிப்பொருள் முக்கியப் பங்கு வகிப்பது தெரிந்ததும், டோபமைனே இன்பத்தின் வேதிப்பொருள் என்ற பேச்சு பரவியது. எலி விடாமல் அழுத்தியதைத்தான் அவர்கள் பார்த்தார்கள். அது இன்பப்பட்டதா என்பதை யாரும் தனியாக அளக்கவில்லை.

அளக்க வழி உண்டு. நாக்கில் இனிப்புத் துளி பட்டால் எலி நாக்கை நீட்டி உதட்டை நக்கும். கசப்பு பட்டால் வாயை அகலத் திறந்து தலையை உதறும். பிறந்த குழந்தையின் முகத்திலும் இதே வேறுபாடு தெரியும். 1989-இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் கென்ட் பெரிட்ஜ் குழுவினர் எலிகளின் டோபமைன் நரம்பணுக்களை ஏறக்குறைய முழுவதுமாக அழித்துவிட்டு இந்த முகக்குறிகளைப் பதிவுசெய்தார்கள். அந்த எலிகள் உணவைத் தேடுவதில்லை; குழாய் வழியே ஊட்டாவிட்டால் பட்டினியில் செத்துவிடும். ஆனால் நாக்கில் சர்க்கரைத் துளி பட்டதும் பழையபடியே சப்புக்கொட்டின. வேட்கை போய்விட்டது, சுவை போகவில்லை. சுவைக்கு மெருகூட்டும் பகுதி மிகச் சிறியது, எலியில் ஏறத்தாழ ஒரு கன மில்லிமீட்டர். மூளையே சுரக்கும், மார்ஃபினை ஒத்த ஓபியாய்டு வகைப் பொருள்கள் அங்கே வேலை செய்கின்றன.

வேட்கை எப்படிக் கணக்கிடப்படுகிறது? 1997-இல் நரம்பியல் ஆய்வாளர் வொல்ஃப்ராம் ஷுல்ட்ஸும் உடனாய்வாளர்களும் விளக்கிய குரங்குச் சோதனைகள் இதற்கு விடை தந்தன. எதிர்பாராமல் பழச்சாறு கிடைத்தால் டோபமைன் நரம்பணுக்கள் படபடவெனத் துடிக்கும். சாற்றுக்கு முன் ஒரு விளக்கு எரியும் என்று குரங்கு கற்றுக்கொண்டபின், துடிப்பு விளக்குக்கு இடம் மாறிவிடும். சாறு வரும்போது துடிப்பு அதிகரிக்காது. விளக்கு எரிந்தும் சாறு வராவிட்டால், வரவேண்டிய அதே நொடியில் துடிப்பு வழக்கத்தைவிடத் தாழும். எதிர்பார்த்ததற்கும் கிடைத்ததற்கும் உள்ள வித்தியாசமே இங்கே செய்தி.

2013-இல் மைக் ராபின்சனும் பெரிட்ஜும் செய்த சோதனை இன்னும் ஆழமானது. ஒரு நெம்புகோல் வெளியே நீளும்போதெல்லாம் எலியின் வாய்க்குள் சாக்கடல் அளவு கரிக்கும் உப்புநீர் பாயும். விரைவிலேயே எலிகள் அந்த நெம்புகோலைக் கண்டாலே சுவரோரம் ஒதுங்கின. பிறகு மருந்து செலுத்தி உடலில் உப்புக் குறைபாட்டை உண்டாக்கி, அதே நெம்புகோலை நீட்டினார்கள். உப்பை ஒருமுறைகூட இன்பமாகச் சுவைத்திராத அந்த எலிகள் பாய்ந்துபோய் நெம்புகோலையே கடித்தன. அப்படியானால் வேட்கை பழைய இன்பத்தின் நினைவு மட்டும் அல்ல. கண்முன் உள்ள குறிப்பும் (விளக்கு, நெம்புகோல் போன்ற அறிகுறி) உடலின் அப்போதைய நிலையும் சேர்ந்து அந்தக் கணத்தில் உருவாவது.

மனிதரிலும் இதன் தடம் தெரிகிறது. பார்க்கின்சன் நோய்க்கு டோபமைனைப் போலச் செயல்படும் மருந்துகளை எடுத்தவர்களில் சுமார் 17 சதவீதத்தினருக்குச் சூதாட்டம், பொருள் வாங்குதல் போன்றவற்றில் அடக்க முடியாத உந்துதல் இருந்ததாக 3,090 நோயாளிகளை ஆராய்ந்த 2010 ஆய்வு சொன்னது. அம்மருந்துகளை எடுக்காதவர்களில் அது சுமார் 7 சதவீதம். இத்தகைய மருந்து எடுப்பவர் இம்மாற்றத்தைக் கவனித்தால், தானே நிறுத்தாமல் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். இதை ஒழுக்கக்கேடு என்று குடும்பத்தார் ஒதுக்குவது பெரிய அநியாயம்.

ஒரு பழக்கத்தை விட நினைப்பவர் பெரும்பாலும் தவறு செய்வது நேரத்தில். குறிப்பைக் கண்டு உந்துதல் கிளம்பிய பிறகு போராடுகிறார். குறிப்பையே கண்ணுக்கும் காதுக்கும் எட்டாமல் வைப்பதற்கு அதைவிடக் குறைந்த முயற்சி போதும். பசியும் மன அழுத்தமும் அதே குறிப்பின் இழுப்பைக் கூட்டும் என்பதால் அந்த நேரங்களுக்கு முன்கூட்டியே ஏற்பாடு வேண்டும். இன்னொன்று: பலன் வராமல் குறிப்பு மட்டும் பலமுறை வந்தால் இழுப்பு தணியும், ஆனால் பழைய பாடம் அழிவதில்லை. ஓரிடத்தில் தணிந்தது வேறிடத்தில் திரும்ப எழும். ஆகவே பழக்கம் உருவான இடங்களிலேயே புதிய நடத்தையையும் பயில வேண்டும்.

மனச்சோர்வில் கதை தலைகீழாகலாம். சர்க்கரைக் கரைசலைச் சுவைத்து மதிப்பிடச் சொன்னால் பல நோயாளிகள் மற்றவர்களைப் போலவே மதிப்பிடுகிறார்கள். பலனுக்காக உழைக்கச் சொன்னால்தான் பின்வாங்குகிறார்கள். ஆகவே ‘மனம் வந்தால் செய்யலாம்’ என்று காத்திருப்பது அவர்களுக்கு உதவாது. செயல்வழிச் சிகிச்சையில் பத்து நிமிட நடை போன்ற சிறு வேலையைக் கடிகார நேரத்தோடு எழுதிவைத்து, விருப்பம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் செய்து, முடித்ததும் எவ்வளவு பிடித்திருந்தது என்று பூச்சியத்திலிருந்து பத்துக்குள் ஓர் எண்ணைக் குறிக்கச் சொல்கிறார்கள்.