வைஃபை வேறு, நெட் வேறு

"வைஃபை வேலை செய்யல" என்று யார் கூப்பிட்டாலும், போனில் எத்தனை கோடு காட்டுகிறது என்றுதான் முதலில் கேட்பேன். "முழுசாக் காட்டுது, ஆனா ஒண்ணும் திறக்கல" என்பார்கள். அப்படியென்றால் வைஃபை நன்றாகவே இருக்கிறது, வராதது நெட். அந்தக் கோடுகள் போனுக்கும் ரவுட்டருக்கும் நடுவில் உள்ள சிக்னலை மட்டும் காட்டுபவை. ரவுட்டருக்கு அந்தப் பக்கம் வயரில் என்ன நடக்கிறது என்று அவற்றுக்குத் தெரியாது.

ஆகவே ரவுட்டரைப் பாருங்கள். பைபர் இணைப்பில் எல்ஓஎஸ் விளக்கு சிவப்பாக எரிந்தால் வெளியிலிருந்து ஒளி வந்து சேரவில்லை. இணைப்புக் கொடுத்தவருக்குச் சொல்லிவிட்டுக் காத்திருப்பதுதான் வழி. வெளிச்சம் வருகிறதா என்று அந்தக் கேபிளைக் கழற்றிக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்க்கவே கூடாது. அதில் வருவது கண்ணுக்குத் தெரியாத லேசர்.

விளக்கெல்லாம் சரி, கோடுதான் குறைவு என்றால் ரவுட்டரை இடம் மாற்றிப் பாருங்கள். இரும்பு பீரோ, பெரிய கண்ணாடி, மீன் தொட்டி மூன்றுமே சிக்னலுக்கு ஆகாது. வைஃபை ஓடும் அலைவரிசைகளில் 5 கிகாஹெர்ட்ஸ் வேகமானது, ஆனால் சுவர் தாண்டினால் சோர்ந்துவிடும். 2.4 தூரம் போகும், ஆனால் மைக்ரோவேவ் அடுப்பும் கிட்டத்தட்ட அதே அலைவரிசையில்தான் ஓடுகிறது. சமைக்கும் நேரத்தில் மட்டும் வீடியோ திணறினால் வேறெங்கும் தேட வேண்டாம்.

ஒரு வீட்டில் இதெல்லாம் சரியாக இருந்தும் பிரச்சினை தீரவில்லை. அப்பா போனில் நெட் வருகிறது, பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கும் மகள் போனில் இல்லை. ஒரு மணி நேரம் கழித்து அப்படியே தலைகீழ். இரண்டு போன்களையும் வாங்கி, வைஃபை விவரங்களில் ஐபி முகவரியை, அதாவது ரவுட்டர் ஒவ்வொரு கருவிக்கும் கொடுக்கும் எண்ணைப் பார்த்தேன். ஒன்றில் 192.168.1.5, இன்னொன்றில் 192.168.0.3. மூன்றாவது எண்ணே வேறு, அதாவது இரண்டும் ஒரே இடத்திலிருந்து வந்தவை இல்லை. வீட்டுக்குள் முகவரி கொடுப்பவர் ஒருவர்தான் இருக்க வேண்டும், இங்கே இருவர்!

மாடியில் சிக்னலுக்காக இன்னொரு ரவுட்டர் வைத்து, கீழிருந்து கேபிள் இழுத்து அதன் லேன் துளையில், அதாவது வீட்டுக் கருவிகளை இணைக்கும் துளையில், செருகியிருந்தார்கள். அதன் டிஹெச்சிபி, அதாவது முகவரி கொடுக்கும் வேலை, ஆன் ஆகியிருந்தது. அது முந்திக்கொண்டு முகவரி கொடுத்த கருவிகளெல்லாம் நெட்டுக்கு அதன் வாசலில் போய் நின்றன. அதற்கோ வெளியே போக வழியே இல்லை. டிஹெச்சிபியை அணைத்து, அதன் முகவரியை 192.168.1.2 என்று மாற்றினேன். கீழ் ரவுட்டர் அந்த எண்ணை வேறு யாருக்கும் கொடுக்காதபடி பார்த்துக்கொண்டேன். பத்து நிமிட வேலை.

"ஒரு வருஷமா நல்லாத்தானே ஓடுச்சு?" என்றார் அப்பா. நியாயமான கேள்வி. மாடி ரவுட்டரைப் பொருத்தியவர் அன்றைக்கே டிஹெச்சிபியை அணைத்துத்தான் வைத்திருக்கிறார். விசாரித்ததில், போன வாரம் மாடியில் நெட் மெதுவாக இருக்கிறதென்று மகள் ஊசியால் ரீசெட் துளையை அழுத்தியது தெரிந்தது. ரீஸ்டார்ட்டும் ரீசெட்டும் ஒன்று என்று நினைத்திருக்கிறாள். ரீஸ்டார்ட் என்பது அணைத்துப் போடுவது. ரீசெட் செய்தால் நாம் போட்ட அமைப்பெல்லாம் அழிந்து பெட்டியிலிருந்து எடுத்த நிலைக்குப் போய்விடும், டிஹெச்சிபியும் திரும்ப ஆன் ஆகிவிடும். நல்லவேளை, கீழ் ரவுட்டரை அவள் தொடவில்லை. தொட்டிருந்தால் நெட் இணைப்புக்குரிய யூசர்நேம், பாஸ்வேர்டும் அழிந்திருக்கலாம், மறுபடி போட அவை அந்த வீட்டில் யாரிடமும் இல்லை.