போர்க் கலைஞரா, படை ஓவியரா?

மெய்ப்புத் திருத்த ஒரு மொழிபெயர்ப்பு வந்தது. முதல் வரியே இப்படி: "வணிக விளக்கப்படக்காரராக இருந்த ஹார்வி டன் 1918-இல் போர்க் கலைஞராக மாறினார்." பக்கத்து மேசை நண்பர் எட்டிப் பார்த்துவிட்டு, "யாருங்க இவரு, கராத்தே மாஸ்டரா?" என்று கேட்டார். கிண்டல் இல்லை, நிஜமாகவே அப்படித்தான் நினைத்திருக்கிறார். ஆங்கிலத்தில் வார் ஆர்ட்டிஸ்ட் என்கிற, போரை வரையும் ஓவியருக்கு இந்தப் 'போர்க் கலைஞர்' என்ற சொல் என் கண்ணில் படுவது இந்த வருடத்தில் நான்காவது தடவை. இனியும் சும்மா இருக்க முடியாது.

ஆளைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். ஹார்வி டன் 1884-இல் அமெரிக்காவின் தெற்கு டகோட்டா புல்வெளியில் ஓர் உழவர் வீட்டில் பிறந்தவர். சிகாகோவில் ஓவியம் படித்தார். பிறகு ஹோவர்ட் பைல் என்ற பெரிய ஆசானிடம் பயின்று, சாட்டர்டே ஈவனிங் போஸ்ட் போன்ற பத்திரிகைகளின் கதைகளுக்குப் படம் போட்டுப் பிழைத்தார். முதல் உலகப்போரில் அமெரிக்கப் படை எட்டு ஓவியர்களைத் தேர்ந்து, ஆளுக்கொரு கேப்டன் பதவி கொடுத்துப் பிரான்சுக்கு அனுப்பியது. அந்த எண்மரில் இவரும் ஒருவர்.

இப்போது சொற்களுக்கு வருவோம். முதலில் 'விளக்கப்படக்காரர்', அதாவது ஆங்கில இல்லஸ்ட்ரேட்டர். ஆங்கிலத்தில் இல்லஸ்ட்ரேட் என்பதற்கு இலத்தீன் வேரில் 'ஒளியூட்டு' என்று பொருள். தமிழில் விளங்குவதும் ஒளிர்வதுதான். விளக்கு, விளக்கம் எல்லாம் ஒரே குடும்பம். அப்படிப் பார்த்தால் 'விளக்கப்படம்' வேர்ப்பொருத்தம் உள்ள சொல்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வேர் பொருந்திவிட்டால் போதுமா? விளக்கப்படம் என்றதும் தமிழ்ப் பிள்ளைக்கு நினைவுக்கு வருவது இதயத்தின் நான்கு அறைகளும் அம்புக்குறிகளும். காதல் கதைக்கு மேலே சாய்ந்து நிற்கும் பெண்ணை யாரும் விளக்கப்படம் என்று சொன்னதில்லை. நம் வார இதழ்களில் கதைத் தலைப்புக்குக் கீழே 'ஓவியம்:' என்று போட்டுப் பெயர் அச்சிடுவது எவ்வளவு காலப் பழக்கம்! 'பத்திரிகை ஓவியர்' என்றால் வேலை முடிந்தது. சோப்புக்கும் பற்பசைக்கும் வரைந்தவர் என்றால் 'விளம்பர ஓவியர்'. 'வணிக ஓவியர்' மட்டும் வேண்டாம். அவர் ஓவியம் விற்கிறாரா, வணிகர்களை வரைகிறாரா என்ற குழப்பம் தீராது.

சரி, அந்தப் போர்க் கலைஞர். தமிழில் 'போர்க்கலை' என்ற சொல் ஏற்கெனவே குடியிருக்கிறது. சிலம்பம் போர்க்கலை, களரி போர்க்கலை, குங்ஃபூவும் போர்க்கலை. அதோடு 'ஞர்' சேர்த்தால் கிடைப்பவர் கம்பு சுற்றுகிறவர். இடைவெளி விட்டு 'போர்க் கலைஞர்' என்று எழுதினால் சரியாகிவிடும் என்று ஒரு மொழிபெயர்ப்பாளர் என்னிடம் வாதாடினார். காதுக்கு இடைவெளி கேட்குமா, ஐயா? வானொலியில் படித்தால் என்ன செய்வீர்கள்?

ஆங்கிலத்தில் ஆர்ட்டிஸ்ட் என்றால் பேச்சுவழக்கில் முதலில் ஓவியர்தான் வருவார். தமிழில் கலைஞர் மேடைப்பக்கம் சாய்ந்த சொல்: தவில் கலைஞர், நாடகக் கலைஞர், கரகாட்டக் கலைஞர். (வெறுமனே 'கலைஞர்' என்றால் தமிழ்நாட்டில் யார் என்று உங்களுக்கே தெரியும்.) ஆகவே 'இராணுவக் கலைஞர்' என்று மாற்றினாலும் தேறாது. அவர் அணிவகுப்பில் ட்ரம்பெட் ஊதுகிறவராகிவிடுவார். சிற்பியும் அடங்க வேண்டுமே, அதனால்தான் பொதுச்சொல் என்று இன்னொரு சமாதானம் சொல்கிறார்கள். அந்த எண்மரில் சிற்பி எவரும் இல்லை. எல்லோரும் தாளோடும் தூரிகையோடும் போனவர்கள். மதுரைக்காஞ்சி ஓவியரைக் 'கண்ணுள் வினைஞர்' என்கிறது. பார்ப்பவர் கண்ணுக்குள்ளே போய் வேலை செய்கிறவராம். அதைத் தூசு தட்டி எடுங்கள் என்று கேட்கவில்லை. 'ஓவியர்' என்ற எளிய சொல் என்ன பாவம் செய்தது?

'போர் ஓவியர்' தவறில்லை, ஆனால் அகலம் கூடியது. பிக்காசோ 1937-இல் குவெர்னிக்காவைப் பாரிசில் தன் ஓவியக்கூடத்தில் தீட்டினார். அதைப் போர் ஓவியம் என்று தாராளமாகச் சொல்லலாம். ஆனால் அவர் எந்தப் படையிலும் சேர்ந்தவரில்லை. டன் போட்டது சீருடை. அவர் களத்துக்கு எடுத்துப்போன பெட்டியைப் பாருங்கள். பெட்டிக்குள் இரண்டு உருளைகள், அவற்றில் நீளத் தாள் சுருள். வரைந்த பகுதியைச் சுருட்டிவிட்டால் வெற்றுத் தாள் முன்னால் வந்துவிடும். ஏடு புரட்டும் வேலை இல்லை. காயம்பட்ட தம் ஆட்களும் பிடிபட்ட ஜெர்மானியரும் ஒரே சாரியாக நடந்து போவதை அவர் ஓவியமாக்கியிருக்கிறார். படையின் ஆளாக இருந்து, படையோடு அலைந்து வரைந்தவருக்குப் 'படை ஓவியர்' என்பதே துல்லியம். சொல்லும் சின்னது.

இந்த மொழிபெயர்ப்பில் இன்னொரு கூத்தும் இருந்தது. எண்மருக்கும் படையின் பொறியாளர் பிரிவில்தான் பதவி. நம் ஆள் அதை "அணித்தலைவராகவும் பொறியாளராகவும் பணியாற்றினார்" என்று எழுதிவைத்திருந்தார். கேப்டன் என்றதும் கிரிக்கெட் மட்டையைத் தூக்கிவிடுகிறார்கள். பாலம் கட்டாத மனிதரைப் பொறியாளராக்கியது அகராதி செய்த தவறில்லை. அடுத்த வரியைப் படித்திருந்தால் போதும்.

1919-இல் டன் படையிலிருந்து விடுவிக்கப்பட்டார். களத்தில் கிறுக்கியதையெல்லாம் அரசுக்காகவே முழு ஓவியங்களாக்க ஆசைப்பட்டிருக்கிறார், நடக்கவில்லை. மறுபடி பத்திரிகைக் கதைகளுக்கே படம் போடப் போனார். அந்தப் பத்தியில் 'முன்னாள் படை ஓவியர்' என்று திருத்தி அனுப்பினேன். நேற்று அச்சாகி வந்திருக்கிறது: 'ஓய்வுபெற்ற போர்க்கலைஞர்'. இடைவெளியையும் எடுத்துவிட்டார்கள்.