மாத்திரைப் பெட்டி காலியாகத்தான் இருந்தது

எனக்கு ஊர் மதுரை. வேலை கனடாவின் ஸ்கார்பரோவில், நீரிழிவு நோயாளிகளைப் பார்க்கும் செவிலியர். தமிழர்கள் நிறைந்த பகுதி என்பதால் மொழிபெயர்ப்பாளரைத் தேட வேண்டிய தேவை எனக்கில்லை என்று ஒரு மிதப்பு இருந்தது. அதை இறக்கிவைத்தவர் யாழ்ப்பாணத்து அம்மா ஒருவர்.

"மருந்து ஒழுங்காக எடுக்கிறீர்களா?" "ஓம்." "நேரத்துக்குச் சாப்பிடுகிறீர்களா?" "ஓம், பிள்ளை." அவர் சொன்னது பொய்யல்ல. நான் கேட்ட கேள்விகளில் 'ஓம்' தவிர வேறு பதிலுக்கு இடமே இல்லை.

தீபாவளி கழிந்த சில நாட்களில், மாலை வேளையில் வியர்த்துக் கொட்டி, பேச்சுக் குழறி, ஆம்புலன்ஸில் போயிருக்கிறார். இரத்தச் சர்க்கரை 2.6-க்கு (mmol/L) இறங்கியிருந்தது, நம் ஊர்க் கணக்கில் (mg/dL) சுமார் 47. அடுத்த முறை மகள் ஏழு நாள் மாத்திரைப் பெட்டியை என் மேசையில் வைத்தார். அந்த அம்மா மயங்கிய நாள் வரை எல்லா அறைகளும் காலி. ஒரு வேளைகூடத் தவறவில்லை. கோளாறே அதுதான். கந்தசஷ்டிக்காக ஒரு நேரம் மட்டும் சாப்பிட்டுக்கொண்டு, கிளிக்லசைடு மாத்திரையை மட்டும் வழக்கம்போலப் போட்டிருக்கிறார். வயிறு காலியா நிறைவா என்று பார்க்காமல் இன்சுலினைச் சுரக்க வைக்கும் மருந்து அது. மெட்ஃபார்மின் என்ற இன்னொரு நீரிழிவு மருந்தை மட்டும் எடுப்பவர்களுக்கு இந்த ஆபத்து குறைவு.

தமிழச்சியான எனக்கே விரதத்தைப் பற்றிக் கேட்கத் தோன்றவில்லை. வேற்று நாட்டுச் செவிலியரை எப்படிக் குறை சொல்வது?

முன்பு பிரசவ வார்டில் சீனத் தாய்மார் பலர் ஐஸ் தண்ணீரை ஒதுக்கிவைப்பார்கள். பிள்ளை பெற்ற உடம்புக்குக் குளிர்ச்சி ஆகாது என்பது அவர்கள் வழக்கம். வெந்நீர் கொடுத்தால் குடித்துவிடுவார்கள். அங்கே எனக்குப் புரிந்தது, என் ஆட்களிடம் புரியவில்லை.

இப்போது ஒவ்வொருவரிடமும், "அடுத்து என்ன விரதம் வருகிறது? அன்று என்ன சாப்பிடுவீர்கள்?" என்று கேட்கிறேன். வங்காளதேச முஸ்லிம்களிடம் ரமலானுக்கு ஓரிரு மாதம் முன்பே பேச்சைத் தொடங்கிவிடுவேன். மாத்திரையைத் தாமாக நிறுத்துவதும் தவறு. அளவை மருத்துவர்தான் மாற்ற வேண்டும்.

மறு ஆண்டு அந்த அம்மா நாள்காட்டியோடு முன்கூட்டியே வந்தார். மருத்துவர் மாத்திரையைக் குறைத்தார். "பாரணைக்கு முன்பே சர்க்கரை 4-க்குக் கீழே போனால் என்ன செய்வீர்கள்?" என்று கேட்டேன்.

"ஒரு மேசைக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் குடித்துவிட்டு, கால்மணி நேரத்தில் திரும்பவும் சோதிப்பேன், பிள்ளை. முருகனிடமும் சொல்லிவைத்திருக்கிறேன்."