அட்டை போய்ப் பெட்டி வந்தபோது

நிறுவனங்களில் மாற்ற மேலாண்மை, அதாவது புது வேலைமுறையை ஆட்கள் ஏற்கும்படி கொண்டுவரும் வேலையைக் கற்க எந்தச் சான்றிதழ் படிப்பில் சேரலாம் என்று இளைஞர்கள் அடிக்கடி கேட்கிறார்கள். சான்றிதழ் அப்புறம் ஆகட்டும், முதலில் ஒரு பைஜாமா தொழிற்சாலையைத் தெரிந்துகொள்ளுங்கள் என்பேன்.

அமெரிக்காவில், வர்ஜீனியா மாநிலத்தின் மேரியன் ஊரில் இருந்தது ஹார்வுட் தொழிற்சாலை. சமூக உளவியலாளர் கர்ட் லெவின் வழிகாட்டலில் அங்கே ஆய்வுகள் தொடங்கின. லெஸ்டர் கோச், ஜான் ஃபிரெஞ்ச் இருவரும் ஒரு சோதனையை 1948இல் எழுதி வெளியிட்டார்கள். இஸ்திரி போடுகிறவர்கள் துணிகளை அரை டஜனாக ஓர் அட்டைமேல் அடுக்கிவந்தார்கள். இனி பெட்டிக்குள் அடுக்க வேண்டும். மாற்றம் அவ்வளவுதான். பீஸ் ரேட்டையும், அதாவது முடித்த எண்ணிக்கைக்குத் தரும் கூலியையும், அதற்கேற்பத் திருத்தினார்கள். கூட்டம் போட்டு அறிவித்ததோடு விட்ட அந்தக் குழுவில் உற்பத்தி சரிந்தது, எழவே இல்லை. 40 நாளில் 17 சதவீதம் பேர் வேலையை விட்டார்கள். வேறு குழுக்களில், வேலையை எப்படி மாற்றலாம், ரேட் எப்படிப் போடலாம் என்று தொழிலாளர்களையும் உட்காரவைத்துப் பேசினார்கள். எல்லோரும் கலந்துகொண்ட குழுக்கள் சீக்கிரமே பழைய அளவைத் தாண்டின. ஒருவரும் விலகவில்லை.

இதைப் படித்திருந்தும் நான் தவறினேன். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் தையல் லைன்களுக்கு டேப்லெட் கொடுத்தோம். ஒரு சூப்பர்வைசர் அண்ணன் கணக்கை அதில் ஏற்றிவிட்டு, சட்டைப்பையில் இருந்த நோட்டிலும் எழுதுவார். பழகவில்லை என்று நினைத்து மூன்று முறை பயிற்சி கொடுத்தோம். ஒருவர் மாற்றத்தை ஏற்கும் படிகளை வரிசையாகச் சொல்வது ஜெஃப் ஹயட்டின் அட்கார் முறை. அதில் அறிவுக்கு முந்தைய படி விருப்பம். அந்தப் படியை விட்டுவிட்டு நாங்கள் அறிவை ஊட்டிக்கொண்டிருந்தோம்.

ஒருநாள் டீ நேரத்தில் நோட்டைக் காட்டச் சொன்னேன். ஒவ்வொரு டெய்லர் பெயருக்கும் நேராக, "நூல் வரலை, 20 நிமிஷம்", "ஊசி உடைஞ்சது" என்று குறித்திருந்தார். "சனிக்கிழமை சம்பளத்துல, எங்க பீஸ் கணக்கு ஏன் குறைஞ்சுதுன்னு டெய்லர் பிள்ளைங்க கேட்டா, நான் எதைக் காட்டறது தம்பி?" என்றார். எங்கள் திரையில் அதற்கு இடமே இல்லை.

அடுத்த வாரம் காரணம் குறிக்க ஒரு கட்டத்தைத் திரையில் சேர்த்தோம். எந்தெந்தக் காரணங்கள் வேண்டும் என்று அண்ணனே சொன்னார், ஒன்பது வந்தது.